தவறே நடக்காத லேப்

வந்து சேர்ந்த முதல் நாளே ஃப்ரிட்ஜைத் திறந்து, தேதி முடிந்துபோன பதினோரு ரசாயனப் பாட்டில்களை எடுத்து மேஜைமேல் வரிசையாக நிறுத்தினாள் புதிய தலைமை டெக்னீஷியன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

அது ஒரு பெரிய மருத்துவமனையின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கும் துணி வெளுக்கும் அறைக்கும் நடுவே இருந்த ரத்தப் பரிசோதனை லேப். ஜன்னல் என்று ஒன்று கிடையாது. ஐந்து மாடி வார்டுகளிலிருந்தும் நாளொன்றுக்கு நானூறு ஐநூறு டியூப் ரத்தம் கீழே இறங்கி வரும். வாசலை ஒட்டிய கவுன்டரில் ஒருவர் அதை வாங்கி, கூட வந்த சீட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் பதிந்து, டியூபில் லேபிள் ஒட்டி உள்ளே அனுப்புவார். இருபது வருடமாக அதே நாற்காலியில் இருக்கிற அவருக்கு லேபிள் அண்ணன் என்றே பெயர். உள்ளே மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர்களில் மூத்தவரை எல்லோரும் மாமா என்பார்கள். அவர் யாருக்கும் மாமா இல்லை. ஓய்வு பெற மூன்று வருடமே இருந்ததால், கல்யாண வீட்டு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மாமாவைப் போல எதிலும் பட்டுக்கொள்ளாமல் இருந்தார். கடைசியாக வேலைக்குச் சேர்ந்த இருபத்து மூன்று வயதுப் பெண்ணைச் சின்னது என்று கூப்பிட்டார்கள். இன்னும் மூன்று பேர் முறை வைத்து வந்து போவார்கள்.

புதிய தலைமை டெக்னீஷியனுக்கு முன்பிருந்தவர் நல்ல மனிதர். எதைச் சொன்னாலும் "பாத்துக்கலாம்" என்பார், பார்த்துக்கொள்ள மாட்டார். வார்டுகளிலிருந்து புகார் மேல் புகாராக வந்து, கடைசியில் நிர்வாகி வேறொரு மருத்துவமனையிலிருந்து இவளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். "ஒரே வருஷத்துல இந்த லேபோட பேரை நீங்க மாத்திக் காட்டணும்" என்றார். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. இதுவரை வேலையில் யாரிடமும் தலைகுனிந்து நின்றது கிடையாது. மாற்றிக் காட்டலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது.

சேர்ந்த மாதமே அவளை மூன்று நாள் தலைமைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். காகிதத்தைச் சுருட்டிக் கோபுரம் கட்டச் சொன்னார்கள், கட்டினாள். கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் சாயுங்கள், மற்றவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள் என்றார்கள். முதுகுவலி என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள். பேசினவர் மூன்று நாளில் முந்நூறு விஷயம் சொல்லியிருப்பார். அதில் ஒன்றே ஒன்றுதான் அவள் மனதில் ஒட்டியது: குழுவுக்கு ஓர் இலக்கு எப்போதும் கண்ணெதிரில் இருக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் லேபின் நடுச்சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினாள். மேலே 'தவறில்லாத நாள்' என்று எழுதி, கீழே நீல மையில் 1 என்று போட்டாள். தவறு நடந்தால் எண் மறுபடி ஒன்றுக்கு வந்துவிடும். தவறு செய்தவர் மறுநாள் காலைக் கூட்டத்தில் எழுந்து நின்று, அது எப்படி நடந்தது என்று எல்லோருக்கும் விளக்க வேண்டும்.

முதலில் நின்றது சின்னது. வார்டுக்குப் போய் அவளே எடுத்து வந்த ஒரு டியூபில் ரத்தம் சிதைந்துபோய்ச் சோதனைக்கே ஆகாமல் போயிருந்தது.

"எப்படி நடந்துச்சுன்னு சொல்லும்மா. நான் திட்டப் போறதில்ல. எல்லாரும் கத்துக்கத்தான் கேக்கறேன்."

"ஊசி... ஊசி ரொம்பச் சின்னதா இருந்துச்சு மேடம்..."

"அப்ப ஊசிதான் தப்பு பண்ணிச்சா?"

அந்தப் பெண் எல்லோருக்கும் நடுவில் பொலபொலவென்று அழுதுவிட்டாள். தலைமை டெக்னீஷியனுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்டிப்பு என்றால் ஆரம்பத்தில் நாலு சொட்டுக் கண்ணீர் இருக்கத்தான் செய்யும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அடுத்த வாரம் இன்னொருவர் நின்றார். அதற்கடுத்த வாரம் மாமாவே நின்றார், காதெல்லாம் சிவந்துபோய். அதற்குப் பிறகு யாரும் நிற்கவில்லை. எண் பத்தானது, முப்பதானது, நூறானது. வார்டுகளிலிருந்து புகார் வருவது நின்றது. நிர்வாகி வேறு பிரிவுத் தலைவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து பலகையைக் காட்டினார். "எப்படி மேடம் சாதிச்சீங்க?" என்று ஒருவர் கேட்டபோது, "கண்ல விளக்கெண்ணெய விட்டுட்டு உக்காந்திருக்கேன்" என்று அவள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். லேபில் இருந்தவர்கள் மட்டும் மெஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். வேலையில் அவ்வளவு மும்முரம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பலகையில் 188 என்று எழுதியிருந்த நாளில், வழக்கம்போல ஃப்ரிட்ஜில் தேதிகளைச் சரிபார்க்கும்போது, பின்வரிசையில் ஓர் அட்டைப்பெட்டி பாட்டிலின் எடை இல்லாமல் லேசாக இருந்தது. திறந்தாள். பாட்டில் இல்லை, சில்லிட்டுப்போன ஒரு நோட்டு இருந்தது.

லேபிள் அண்ணனின் கையெழுத்து, அச்சடித்தாற்போல. ஒவ்வொரு பக்கத்திலும் வரிசை எண், தேதி, என்ன நடந்தது, என்ன செய்தார்கள். 'நாலாம் மாடி. சீட்டு மாறி வந்திருக்கு. சத்தமா படிச்சப்ப தெரிஞ்சுது. மறுபடி ரத்தம் எடுத்தாச்சு.' 'மெஷின் காலைலேர்ந்து அதிகமாக் காட்டுது. பத்து சாம்பிள் திரும்ப ஓட்டியாச்சு.' 'பூ.க. டீக்குப் போனப்ப ரிப்போர்ட்டைத் திருத்தி அனுப்பியாச்சு.' அவள் புரட்டிய பக்கங்களில் யார் செய்த தவறு என்று பெயர் இல்லை. ஆறே மாதத்தில் எழுபத்தொரு தவறு.

நோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

வீட்டில் கணவர் அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் வேலை அவருக்கு. நாள் முழுக்க, ஓட்டத் தெரியாதவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து ஊரைச் சுற்றுகிறவர். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் சாப்பாட்டு மேஜையில் வீட்டுப்பாடத்தைப் பரப்பி வைத்திருந்தாள். இவள் நோட்டை மேஜைமேல் எறிந்தாள்.

"ஆறு மாசமா என் கண்ணுல மண்ணைத் தூவியிருக்காங்க. பாருங்க."

அவர் நின்றபடியே புரட்டினார். மகள் எட்டிப் பார்த்து, "பூ.க.ன்னா என்னம்மா? பூக்கடையா?" என்றாள்.

"இரு, இங்க ஒரு இடத்துல முழுசாவே எழுதியிருக்கு" என்றவர், படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "பூதக்கண்ணாடி" என்றார்.

மகள் குபுக்கென்று சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"சரி விடு, நல்ல பேராத்தானே வெச்சிருக்காங்க" என்று சமாளித்தார் அவர். "ஏம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? தப்பு நடந்திருக்கு, சரிதான். ஆனா எல்லாத்தையும் திருத்தியிருக்காங்களே."

"எனக்குத் தெரியாம!"

"நான் வண்டில கத்தினேன்னு வெச்சுக்க, ஓட்டறவன் ரோட்டை விட்டுட்டு என் மூஞ்சியப் பாப்பான். அதான் நான் கத்தறதில்ல."

"உங்க வண்டில உங்க காலுக்கடியில இன்னொரு பிரேக் இருக்கு. எனக்கு இல்ல." அதோடு பேச்சு முடிந்தது. அன்று அவள் யாரோடும் சேர்ந்து சாப்பிடவில்லை.

மறுநாள் காலை லேபிள் அண்ணனைத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டாள். நோட்டைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் வெளிறி, பிறகு பழையபடி ஆனது.

"இது யாருது?"

"எல்லாரோடதும்தான் மேடம்."

"எழுத்து உங்களோடது."

"என் எழுத்துதான் புரியும்னு என்னை எழுதச் சொன்னாங்க."

"இத்தனை நடந்திருக்கு. ஏன் ஒருத்தர்கூட எங்கிட்ட வந்து சொல்லல?"

அவர் கண்ணாடிக்கு வெளியே தெரிந்த பலகையைப் பார்த்தார். "சொன்னா அந்த நம்பர் போயிடும் மேடம். நம்பர் போனா யாராவது எந்திரிச்சு நிக்கணும். நிக்கறதுக்குப் பயந்துக்கிட்டு தப்பை அப்படியே விட்டுட ஆரம்பிச்சாங்க. அதுக்குத்தான், சரி, எங்கிட்டயாவது சொல்லுங்க, சேர்ந்து திருத்துவோம்னு..."

"நோயாளிங்க உயிரோட விளையாடியிருக்கீங்க."

"விளையாடக் கூடாதுன்னுதான் மேடம் எழுதி வெச்சோம்."

அந்தப் பதில் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கவுன்டரில் உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறவர் தனக்குப் பாடம் நடத்துவதா என்று தோன்றிவிட்டது. நோட்டை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். "இன்னையிலேர்ந்து உங்க வேலை லேபிள் ஒட்டறது. அந்தச் சின்னப் பொண்ணு வேலை மெஷின் பாக்கறது. ரெண்டு பேரும் கவுன்டர்ல குசுகுசுன்னு பேசிட்டு நிக்கறத இனிமே நான் பாக்கக் கூடாது."

"அது பேச்சு இல்ல மேடம். நான் ஒட்டறதை அவ சீட்டோட வெச்சுப் படிச்சு..."

"போதும். போய் வேலையப் பாருங்க."

அவர் போய்விட்டார். உடனே நிர்வாகியிடம் போயிருக்க வேண்டியவள் அவள். ஃபோனைக்கூடக் கையில் எடுத்தாள். ஆனால் பலகை இருநூறைத் தொடும் நாளில் மருத்துவமனையின் இயக்குநர்களே நேரில் வந்து பாராட்டப்போவதாக முந்தின வாரம்தான் நிர்வாகி சொல்லியிருந்தார். அது முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஃபோனைக் கீழே வைத்தாள். அன்றைக்கு அவள் கையாலேயே 189 என்று எழுதினாள்.

அதற்கப்புறம் லேபில் பேச்சுச் சத்தமே இல்லை. மெஷின்கள் சுழலும் சத்தம்தான். மாமா நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனார். சின்னது கவுன்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவரவர் வேலை அவரவருக்கு என்று ஆகிவிட்டது. தலைமை டெக்னீஷியன் இதைத்தான் ஒழுங்கு என்று நினைத்தாள்.

நோட்டு கிடைத்ததிலிருந்து பன்னிரண்டாம் நாள், பலகையில் 199 என்றிருந்த காலை பதினோரு மணிக்கு அது நடந்தது.

இரண்டாம் மாடியில் அறுவை சிகிச்சை முடிந்து தேறிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணின் ரத்தத்தில் பொட்டாசியம் பயங்கரமாக ஏறியிருப்பதாக மெஷின் காட்டியது. இதயமே நின்றுவிடக்கூடிய அளவு. சின்னது உடனே வார்டுக்கு ஃபோன் செய்தாள். அங்கிருந்த நர்ஸ், "என்ன சொல்றீங்க? அந்தப் பொண்ணு உக்காந்து தோழியோட சிரிச்சுப் பேசிட்டிருக்கு. சாம்பிள் ஏதோ தப்பு, மறுபடி பாருங்க" என்றாள். வேறு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எல்லாம் சரியாக இருந்தது. சின்னதுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 'சாம்பிள் கோளாறு' என்று போட்டுத் திருத்திய ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு, கண்ணாடி அறையை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டாள்.

பழைய நாளாக இருந்தால் அவள் நேரே கவுன்டருக்குப் போயிருப்பாள். லேபிள் அண்ணன் கேட்கிற முதல் கேள்வியே, "இது அந்தப் பொண்ணோட ரத்தம் இல்லன்னா, அப்ப யாரோடது?" என்றுதான் இருந்திருக்கும்.

அதை யாரும் கேட்கவில்லை. அந்த ரத்தம் ஐந்தாம் மாடியில் சிறுநீரகக் கோளாறோடு படுத்திருந்த ஒரு பெரியவருடையது. இரண்டு டியூபிலும் லேபிள் மாறி ஒட்டப்பட்டிருந்தது. அவருக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் போய்விட்டது. பகல் ஒரு மணி சுமாருக்கு அவருடைய இதயம் நின்றது. வார்டே திரண்டு ஓடிவந்து நெஞ்சை அழுத்தி அவரை இழுத்துப் பிடித்தார்கள். உயிர் வந்தது. கண் திறக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

ரிப்போர்ட்டுகளுக்குப் பொறுப்பான லேப் டாக்டர் ஃபோனில் விஷயத்தைச் சொன்னபோது தலைமை டெக்னீஷியன் நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிறகு சின்னதைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் இப்போது அழவில்லை. முகம் மரத்துப்போயிருந்தது.

"காலைல அந்த ரிப்போர்ட் சந்தேகமா இருந்தப்ப ஏன்மா லேபிள் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்கதான் மேடம் அங்க நிக்கக் கூடாதுன்னீங்க."

"எங்கிட்ட வந்திருக்கலாமே?"

அந்தப் பெண் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். உங்களிடமா, என்று கேட்கிற பார்வை. "என் பேரை எழுதிக் குடுத்துடுங்க மேடம். நான் போயிடறேன்" என்றாள்.

அவளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தாள். அன்றைக்கு வீட்டில் கோபம் மூக்குக்கு மேல் நின்றதால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பார்த்திருந்தாள். இப்போது முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் படித்தாள். எழுபத்தொன்றில் பத்தொன்பது, லேபிளைச் சீட்டோடு வைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டும்போது பிடிபட்டவை. கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்து அவள் குசுகுசுப்பு என்று நினைத்தது அதைத்தான். பத்தொன்பது தடவை அது யாரையோ காப்பாற்றியிருக்கிறது.

நாற்பத்தாறாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'பூ.க. புதுப் பாட்டில் நம்பரை மெஷின்ல போடறப்ப 3ஐ 8ன்னு போட்டுட்டாங்க. மாமா பாத்துட்டார். 14 ரிப்போர்ட்டை நிறுத்தி மறுபடி ஓட்டியாச்சு. அவங்களுக்குச் சொல்ல வேணாம். கஷ்டப்படுவாங்க.'

அவள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரு வருடமாகவே பொடி எழுத்து அவளுக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று தெரிந்தும் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். பூதக்கண்ணாடிக்கே கண் சரியில்லை என்று லேப் முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஒருவர்கூட அவளைக் கூட்டத்தில் நிற்க வைக்கவில்லை. அவமானமா, நன்றியா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மூன்று மணிக்கு விசாரணை என்று நிர்வாகி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அவள் நோட்டோடு கவுன்டருக்குப் போனாள். லேபிள் அண்ணன் வந்த டியூப்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்த்து ஒட்டினார்.

"காலைல மாத்தி ஒட்டினது நான்தான் மேடம்" என்றார் நிமிராமல். "ரெண்டும் ஒரே நேரத்துல வந்துச்சு. இருபது வருஷத்துல ஒட்டறப்ப எத்தனையோ தடவை மாறியிருக்கு. யாராவது கூட நின்னு படிப்பாங்க, தெரிஞ்சிடும்."

"நான்தான் நிறுத்தினேன்" என்றாள் அவள். "இந்த நோட்டை நான் மேல எடுத்துட்டுப் போகணும். வேணாம்னு நீங்க சொன்னா கொண்டு போகல."

"கொண்டு போனா என்னை வெச்சிருப்பாங்களா?"

"தெரியல."

"கொண்டு போகலன்னா?"

"அந்தப் பொண்ணு தலைலதான் விழும். ஃபோன்ல பேசினது அவ, ரிப்போர்ட்டை மாத்தினது அவ."

அவர் கையிலிருந்த டியூபை ஸ்டாண்டில் செருகினார். "எடுத்துட்டுப் போங்க" என்றார்.

விசாரணையில் நிர்வாகிக்கு வேண்டியது ஒரு பெயர். "நாளைக்கு அந்தக் குடும்பம் கேக்கும், இயக்குநர்கள் கேப்பாங்க. யாருன்னு ஒரு பேர் சொல்லுங்க மேடம், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அவள் நோட்டை மேஜைமேல் வைத்தாள். ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பலகை, கூட்டம், ஃப்ரிட்ஜ், தான் போட்ட உத்தரவு எல்லாம்.

நிர்வாகியின் முகம் கறுத்தது. "இத்தனை தப்பும் உங்களுக்குத் தெரியாமலே நடந்துச்சுங்கறீங்க?"

"தெரியாமதான் நடந்துச்சு. ஆனா பன்னெண்டு நாளா எனக்குத் தெரியும். நான் உங்ககிட்ட சொல்லல. இருநூறு வரட்டும்னு இருந்தேன்."

"நீங்களா?"

"நான்தான். அவங்க எங்கிட்ட மறைச்சது எதுக்கோ, அதுக்கேதான் நான் உங்ககிட்ட மறைச்சேன்."

லேப் டாக்டர் நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் படித்தார். "இதுல பாதி எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

நல்லபடியாக முடிந்தது என்று சொல்வதற்கில்லை. அவளுக்கு எழுத்து மூலம் கண்டனம் வந்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் பதவியை உறுதி செய்வார்களாம். சின்னதுக்கு எச்சரிக்கையோடு போயிற்று. லேபிள் அண்ணனை மட்டும், எவ்வளவோ வாதாடியும், பழைய கோப்புகளை அடுக்கி வைத்திருக்கும் அடித்தள அறைக்கு மாற்றிவிட்டார்கள். பலகையை மறுநாள் காலையில் காணோம். யார் கழற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெரியவரின் மகளை அவளே போய்ப் பார்த்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், கண்ணெல்லாம் வீங்கி, மடியில் அப்பாவின் செருப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண்.

"எங்க லேப்ல நடந்த தப்பும்மா. நான்தான் அதுக்குப் பொறுப்பு."

"உங்க பொறுப்பை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றாள் அவள். கோபம்கூட இல்லாமல் கேட்டாள். தலைமை டெக்னீஷியன் பக்கத்து நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தாள். எட்டு நாள் கழித்துப் பெரியவர் கண் திறந்தார். ஆட்களை அடையாளம் தெரிந்தது. வலது கை வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் அடித்தள அறைக்கும் போனாள். புழுதி வாடைக்கு நடுவே லேபிள் அண்ணன் கோப்புகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லாருக்கேன் மேடம். இங்க தப்பே நடக்காது. யாரும் வர்றதே இல்ல."

"உங்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கணும்னு எழுதியிருக்கேன். மறுபடியும் எழுதுவேன்."

"எழுதுங்க" என்றார். அப்புறம், அவள் படியேறப் போகும்போது, "அந்தச் சின்னப் புள்ள வேலைல நிக்குதா, போயிடுச்சா?" என்று கேட்டார்.

"நிக்குது."

அவர் தலையாட்டிவிட்டு நூலைக் கடித்து அறுத்தார்.

காலைக் கூட்டத்தை அவள் விடவில்லை. ஆனால் இப்போது யாரையும் நிற்கச் சொல்வதில்லை, அவளே பேசினாள். முதல் நாள் நாற்பத்தாறாம் பக்கத்தைச் சொன்னாள். "எனக்குக் கிட்டத்துல எழுத்து தெரியல. கண்ணாடிக்குக் குடுத்திருக்கேன். அது வர்ற வரைக்கும் நான் நம்பர் போட்டா யாராவது கூட நின்னு பாருங்க." மாமா தரையைப் பார்த்தார். கவுன்டரில் லேபிள் ஒட்டும்போது எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும் என்றாள். சரி மேடம் என்றார்கள். செய்தார்கள், உத்தரவு என்பதற்காக. அடுத்த நாளும் தன்னுடைய சின்னச் சறுக்கல் ஒன்றைச் சொன்னாள். அதற்கடுத்த நாளும். சுவரோடு பேசுகிற மாதிரி இருந்தது. இவர்கள் நம்புவதற்கு எத்தனை நாளாகும், அல்லது நம்பவே மாட்டார்களா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தாள். பயமுறுத்த மூன்று வாரம்கூடத் தேவைப்படவில்லையே என்று நினைத்தபோது தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, வேலை நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், சின்னது அவள் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் இரண்டு டியூப்.

"மேடம்."

"சொல்லும்மா."

"மூணாம் மாடில நான்தான் ரத்தம் எடுத்தேன். நடுவுல ஒரு பேஷண்ட் மயக்கம் போட்டுட்டார், அவரைப் பிடிக்கப் போயிட்டேன். வந்து பாத்தா ரெண்டு டியூப்லயும் பேர் எழுதல. எது யாரோடதுன்னு..." அவள் குரல் இறங்கிப்போயிற்று. "தெரியல மேடம்."

தலைமை டெக்னீஷியனுக்குச் சுர்ரென்று ஏறியது. எத்தனை தடவை சொன்னது, படுக்கையை விட்டு நகரும் முன் பெயர் எழுத வேண்டும் என்று! வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் தோள்கள் அதை வாங்கிக்கொள்ளத் தயாராக ஒடுங்குவதை அவள் பார்த்தாள். மெஷின் பக்கத்தில் மாமா கையை நிறுத்திவிட்டு, திரும்பாமல், காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருப்பதையும் பார்த்தாள். வார்த்தையை விழுங்கினாள்.

"மயக்கம் போட்டவர் எப்படி இருக்கார்?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் திகைத்துப்போய், "இப்ப பரவால்ல மேடம்" என்றாள்.

"இந்த ரெண்டையும் கொட்டிடு. மறுபடி எடுக்கணும். நானும் வரேன்."

இருவரும் மூன்றாம் மாடிக்குப் போனார்கள். முதல் நோயாளி தொழிற்சாலை ஒன்றில் வாட்ச்மேன்; ஆறடி உயரம், ஊசி என்றால் நடுக்கம். மறுபடியும் குத்த வேண்டும் என்று கேட்டதும் கொதித்துப்போய்விட்டார்.

"காலைல ஒரு தடவை குத்தினது பத்தாதா? என்ன, இங்க ரத்தம் வித்துட்டிருக்கீங்களா? யாரு இதுக்குத் தலைமை? கூப்பிடுங்க அவங்களை!"

"நான்தாங்க" என்றாள் அவள்.

"உங்க ஆளுங்களுக்கு ஒழுங்கா வேலை சொல்லித் தர மாட்டீங்களா?"

சின்னது வாயைத் திறந்தாள். தலைமை டெக்னீஷியன் அவள் முழங்கையை லேசாகத் தொட்டு, "நீ டியூப்ல முதல்ல பேரை எழுது" என்றாள் மெதுவாக. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாட்ச்மேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் இன்னும் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டினார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருடைய சட்டைக்கையை மடித்துவிட்டு, சின்னது எழுதிய பெயரை அவரிடமே காட்டிச் சத்தமாகப் படித்தாள். அவர் திட்டுவதை நிறுத்தாமலே, ஆமாம், அது நான்தான் என்று தலையாட்டினார்.